எல்லையோரப் பழைய கல்லறைத் தோட்டங்கள்: சென்று பார்க்க, படிக்க, பதிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலுக்கு மேற்கே புலியூர்க்குறிச்சியில் தொடங்கி மூணாற்றின் தேயிலைச் சரிவுகள் வரை, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடைப்பட்ட எல்லை நெடுகப் பழைய கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனைக்கும், தேக்கடிப் படகுத்துறைக்கும், இரவிகுளத்து வரையாடுகளைக் காண்பதற்கும் திரண்டு வருகிறவர்களில் மிகச் சிலரே இந்த இடங்களுக்குள் நுழைகிறார்கள். நுழைகிறவர்களும் நான்கு படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். ஒரு கல்லறைத் தோட்டத்தை முறையாகப் பார்ப்பதற்குக் குறைந்தது அரை நாளும், அதற்கு முன் ஓரிரு நாள் தயாரிப்பும் தேவை. அந்தத் தயாரிப்பிலிருந்து, எடுத்த குறிப்பை உரியவரிடம் ஒப்படைப்பது வரை ஒவ்வொரு கட்டமாக இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தத் தோட்டங்களில் பெயர் பொறித்த கல்லைப் பெற்றவர்கள் பெரும்பாலும் தளபதிகளும், தோட்டத் துரைமார்களும், அவர்களுடைய மனைவி மக்களும்தான். அதே மலையில், அதே காலராவிலும் காய்ச்சலிலும் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பலருக்குக் கல் கிடையாது. ஆகவே கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு, கல் இல்லாத நிலத்தையும் விசாரித்து அறிவதை இந்தப் பயணத்தின் பாதி வேலையாகக் கருத வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

முதல் படி: எந்த இடம் என்று முடிவு செய்தல்

முதன்முதலாகப் போகிறவருக்கு உதயகிரிக் கோட்டையையே பரிந்துரைப்பேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, தக்கலைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையும் மிக அருகில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இயங்குகிறது. சிறு கட்டணம் செலுத்தி உள்ளே போய், மரங்களுக்கிடையே நடந்தால், கூரை இழந்த ஒரு சிற்றாலயத்தின் சுவர்கள் தெரியும். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையில் இருந்து, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் சிறைப்பட்டு, பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாக உயர்ந்த எவுஸ்தாக்கியுஸ் டி லனாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய மனைவியின் கல்லறையும் மகனின் கல்லறையும் அருகில் இருக்கின்றன. இந்தப் பக்கத்து மக்கள் கோட்டையையே தில்லானைக் கோட்டை என்று அவர் பெயரால் அழைப்பதுண்டு. அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருப்பதால், கல் படிக்கப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இந்தப் பகுதியில் இல்லை.

இரண்டாவதாக மூணாறு. தேனியிலிருந்து போடிமெட்டு ஏறிப் போகிறவர்கள், ஊருக்குள் மேட்டில் கருங்கல்லால் கட்டிய சிஎஸ்ஐ கிறிஸ்து ஆலயத்தைக் காணலாம். அதற்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் சரிவில் கல்லறைகள் இருக்கின்றன. வழக்கமாக ஆலயம் எழும்பிய பிறகே அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம் அமையும். இங்கே வரிசை தலைகீழ். தோட்ட மேலாளராக இருந்த ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் என்பவரின் இளம் மனைவி எலினார் இசபெல் மே, 1894 டிசம்பரில், மலைக்கு வந்த சிறிது காலத்திலேயே காலராவால் இறந்தார். அந்தக் குன்றின் அழகைக் கண்டு, தாம் இறந்தால் அங்கேயே புதைக்க வேண்டும் என்று கணவரிடம் அவர் சொல்லியிருந்ததாக ஊரில் வழங்கும் கதையை இன்றும் கேட்கலாம். அவருடைய அடக்கமே அங்கு முதலாவது. 1900-இல்தான் அந்த நிலம் கல்லறைத் தோட்டமாக முறைப்படி அர்ச்சிக்கப்பட்டது. ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல். இங்கே தமிழ் வழிபாடும் நடப்பதால் தமிழ் பேசுகிறவருக்கு மொழிச் சிக்கல் இருக்காது.

மூன்றாவது, குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் சாலையில் பீர்மேடு தாண்டி, குட்டிக்கானம் அருகே பள்ளிக்குன்னு. ஹென்றி பேக்கர் என்ற மிஷனரி 1869-இல் எழுப்பிய புனித ஜார்ஜ் ஆலயத்தின் வளாகத்தில் அக்காலத் தோட்ட முதலாளிகள் பலர் அடக்கமாகியிருக்கிறார்கள். 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற ஜான் டேனியல் மன்ரோவின் கல்லறையும் இங்கேதான் உள்ளது. அவர் ஏறித் திரிந்த குதிரைக்கும் அதே வளாகத்தில் கல்லறை உண்டு. அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மூணாற்றைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குன்னுக்கு வருகிறவருக்கு, அங்கே கண்ட தேயிலை மலைகள் அனைத்தும் எந்தக் கையெழுத்தில் தொடங்கின என்பது இந்தக் கல்லறை முன் நிற்கும்போது விளங்கும்.

நான்காவது இடம் பார்வையாளருக்குத் திறந்ததன்று. ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற மூன்றையும் பார்ப்பதில் பயன் குறைவு. முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டபோது நோயால் மட்டும் 483 பேர் இறந்தார்கள் என்றும், அணைக்கு வடக்கே இருந்த இடுகாட்டில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்றும் பதிவு இருக்கிறது. அந்த இடம் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், அணையின் பாதுகாப்பு வளையத்தில் இருக்கிறது. தேக்கடிப் படகு அங்கே போகாது. காட்டு வழியாகப் போக முயல்வது குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரை அடுத்த லோயர் கேம்பில், அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, அந்த 483 பேரையும் அங்கே நினைத்துக்கொள்வதே நம்மால் ஆனது. ஜனவரி 15-ஆம் தேதி, பென்னிகுவிக் பிறந்த நாளில், பள்ளத்தாக்கு விவசாயிகள் அங்கே பொங்கல் வைப்பார்கள். பென்னிகுவிக்கின் கல்லறை இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ஃபிரிம்லியில் இருக்கிறது; அவரிடம் வேலை செய்து மாண்டவர்களின் கல்லறைகள் நம் மலையில் இருக்கின்றன.

இவற்றைத் தாண்டியும் செல்ல விரும்புவோர், மறையூரைச் சுற்றியுள்ள பாறைகளில் பலகைக் கற்களால் அமைந்த முனியறைகளைப் பார்க்கலாம்; அவை எழுத்து தோன்றாத பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். கொச்சிக் கோட்டைப் பகுதியில் 1724-இல் அர்ச்சிக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 104 கல்லறைகள் உள்ளன. அது பெரும்பாலும் பூட்டியே இருப்பதால், அருகிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆந்திர எல்லைப் பக்கம் வசிப்பவர்களுக்குப் பழவேற்காடு பக்கம். 1613-இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய அந்த ஊரின் கல்லறைத் தோட்ட வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது; கேடய வடிவக் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் அங்கே இருப்பதுபோல் கூர்மையாக நின்றிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாம் படி: போவதற்கு முன் தேட வேண்டியவை

கல்லறைத் தோட்டத்துக்குள் நின்றுகொண்டு கைப்பேசியில் தேடத் தொடங்கினால் நேரம்தான் வீணாகும். மலையில் சிக்னலும் கிடைக்காது. யாருடைய கல்லைப் பார்க்கப் போகிறோமோ அவரைப் பற்றிய அடிப்படைத் தகவலை வீட்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் வெளியிட்ட பட்டியல் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூறாண்டுக்கு முன் தெளிவாக இருந்து இப்போது உதிர்ந்துபோன எழுத்துகளை அதில் முழுமையாகக் காண வாய்ப்புண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலம் தொட்டு இங்கிருந்து அனுப்பப்பட்ட அடக்கப் பதிவேட்டு நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அரசு ஆவணங்களைப் பொறுத்தவரை, எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே உதயகிரியைப் பற்றிய திருவிதாங்கூர் அரசின் பழைய காகிதங்களைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பெரியாறு அணையோ இதற்கு நேர் எதிர். நிலம் திருவிதாங்கூருடையது, ஆனால் 1886-இல் 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து வேலையைச் செய்தது சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை. அந்தக் காகிதங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இருக்கும் கல்லறைக்குக் கேரளத்திலும், கேரளத்தில் இருக்கும் கல்லறைக்குத் தமிழ்நாட்டிலும் தேட வேண்டியிருப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். ஆட்சி மாறிய வரிசையை ஒருமுறை எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும்.

மூன்றாம் படி: அனுமதி

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு நேரமும் கட்டணமும் வாயிலிலேயே எழுதியிருக்கும். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பதும் அதில் எழுதிக் கிறுக்குவதும் தண்டனைக்குரிய குற்றம். 2010-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கல்லறையில் ஆணியால் பெயர் கீறும் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்கள் இதை முன்னமே சொல்லி வைப்பது நல்லது.

ஆலய வளாகம் என்றால் நிலைமை வேறு. அது இன்றும் மக்கள் தங்கள் வீட்டாரை அடக்கம் செய்யும் இடம். முதல் நாளே ஆலய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், முடியாவிட்டால் நேரில் போய்ப் போதகரையோ உபதேசியாரையோ பார்த்து, "ஐயா, நாங்கள் கம்பத்திலிருந்து வருகிறோம். பழைய கல்லறை எழுத்துகளைப் படித்துக் குறித்துக்கொள்ள விரும்புகிறோம். எந்தக் கல்லையும் தொட மாட்டோம், உங்கள் ஆட்கள் யாராவது கூட இருந்தாலும் நல்லது" என்று வந்த காரியத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேரளப் பக்கத்து ஆலயங்களில் சாவி பெரும்பாலும் கப்பியாரிடம், அதாவது ஆலயப் பணியாளரிடம் இருக்கும். செமித்தேரி எங்கே என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தையும், அடக்கம் நடக்கும் நாளையும் தவிர்க்க வேண்டும். போன பிறகு அடக்க ஆராதனை நடப்பது தெரிந்தால், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாலைக்கே திரும்பிவிடுவதுதான் முறை.

நான்காம் படி: காலமும் கையில் இருக்க வேண்டியவையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு மலையில் மழை விடாது. கல்லறைத் தோட்டத்துச் சரிவுகள் வழுக்கும், அட்டைக் கடியும் மிகுதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தக்க காலம். இன்னொரு நல்ல வாய்ப்பு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளை அடுத்த வாரம். குமரிப் பகுதிக் கத்தோலிக்க ஊர்களில் அந்நாளுக்கு முன்பே குடும்பத்தார் வந்து புல்லை வெட்டி, சுண்ணாம்பு பூசி, மெழுகுவத்தி ஏற்றி வைப்பதால், ஆண்டில் வேறெப்போதும் தெரியாத பழைய கற்களும் அப்போது வெளியே தெரியும். முழங்கால் வரை மூடிய உடை, கனமான காலணி, தண்ணீர், குறிப்பேடு, பென்சில், டார்ச், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஆகியவை போதும். புல் மண்டிய இடத்தில் கம்பால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும்; சாய்ந்து நிற்கும் கல்லின் மேல் கை ஊன்றக் கூடாது, ஏனெனில் அடித்தளம் இளகிய கல் ஆளையே சாய்த்துவிடும்.

ஐந்தாம் படி: கல்லைப் படித்தல்

பலரும் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். எழுத்து தெரியவில்லை என்றதும் சாக்பீஸை எடுத்துத் தேய்ப்பது, இரும்புத் தூரிகையால் பாசியைச் சுரண்டுவது, பிளீச்சிங் பவுடரோ ஆசிடோ ஊற்றிக் கழுவுவது, எண்ணெய் தடவுவது ஆகிய ஒவ்வொன்றும் கல்லின் மேல்தோலைத் தின்றுவிடும். பளிங்குக் கல்லில் ஆசிட் பட்டால், அன்று மட்டும் எழுத்து பளிச்சென்று தெரியும். அடுத்த சில மழைக்குள் மேற்பரப்பு பொடிந்து எழுத்தே இல்லாமல் போய்விடும். பாசியை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

எழுத்தை வெளிக்கொணர்வது ஒளியின் வேலை. கல்லுக்கு நேர் எதிரே வெயில் விழும்போது எதுவும் தெரியாது. பக்கவாட்டில், கல்லின் முகத்தை உரசிக்கொண்டு ஒளி போகும்போதுதான் வெட்டுகளில் நிழல் விழும். ஆகவே கிழக்கு நோக்கிய கற்களை முற்பகலின் பிற்பகுதியிலும், தெற்கு நோக்கியவற்றைக் காலையிலோ மாலையிலோ படிப்பது நலம். மரநிழலில் இருக்கும் கல்லுக்கு, ஒருவர் வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து பாய்ச்ச, மற்றொருவர் படிக்கலாம். மாலை மங்கிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த பரப்பில் வரி வரியாக எழுத்து எழும்பும்.

பளிங்குப் பலகைகளில் சிலவற்றில், வெட்டிய எழுத்துக்குள் ஈயத்தை அடித்துப் பொருத்தியிருப்பார்கள். ஈயம் விழுந்துவிட்டால் வரிக்கு வரி சிறு துளைகள் மட்டுமே மிஞ்சும். அவை வண்டு துளைத்தவை அல்ல. ஈயத்தைப் பிடித்து நிறுத்தக் கொத்தன் போட்ட ஆணித் துளைகள். ஒவ்வொரு எழுத்துக்கும் துளைகள் அமையும் இடம் வேறுவேறு என்பதால், ஈயம் இன்னும் நிற்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டு, விழுந்ததை ஓரளவு ஊகித்துவிடலாம். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு குழந்தையின் பெயர் இப்படித் துளைகளிலிருந்து திரும்பக் கிடைக்கும்போது, செலவிட்ட ஒரு மணி நேரம் பெரிதாகத் தோன்றாது.

வரிகளின் பொருளைப் பிடிக்கச் சில வாய்பாடுகள் தெரிந்திருக்க வேண்டும். லத்தீன் கல்லில் "ஹிக் யாசெட்" என்றால் இங்கே கிடக்கிறார். "விக்ஸித் அன்னோஸ்" என்பதை அடுத்து வருவது வாழ்ந்த ஆண்டுகள். "ரெக்வியெஸ்காத் இன் பாச்சே" என்றால் அமைதியில் இளைப்பாறுக. ஆங்கிலக் கல்லில் "ரெலிக்ட்" என்று வந்தால் கைம்பெண். சிஎஸ்ஐ தமிழ்க் கல்லில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றும், கத்தோலிக்கக் கல்லில் "இறைவனில் இளைப்பாறினார்" என்றும் காணலாம். மலையாளக் கல்லில் "ஜனனம்", "மரணம்" என்ற இரண்டு சொற்களே பெரும்பாலும் போதும். சிற்பங்களும் பேசும்: முறிந்த தூண் இளவயதுச் சாவையும், படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி குழந்தையையும், மணற்கடிகை காலம் தீர்ந்ததையும், நங்கூரம் நம்பிக்கையையும் குறிக்கும்.

டி லனாயின் கல்லறையில் இவற்றையெல்லாம் பயின்று பார்க்கலாம். அதன் லத்தீன் வாசகம் "வழிப்போக்கனே, நில்" என்று தொடங்குகிறது. திருவிதாங்கூர்ப் படைத் தலைவராக ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையோடு ஊழியம் செய்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரை இருந்த நாடுகளை அவருக்கு அடிபணிய வைத்தார் என்றும், 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்றும் சொல்கிறது. இறந்த நாளிலிருந்து வயதைக் கழித்தால், பிறப்பு 1715-இன் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. ஊழியக் கணக்கைச் சரிபார்த்தால் வேறொன்று தெரியும். குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்டில். அங்கிருந்து 1777 ஜூன் வரை 36 ஆண்டுகூட முழுதாக நிறையவில்லை. 1741-ஐயும் 1777-ஐயும் சேர்த்து எண்ணினால் மட்டுமே 37 வரும். முதலையும் முடிவையும் சேர்த்து எண்ணும் வழக்கம் பழைய எழுத்துகளில் உண்டு. கல்லில் இருப்பதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டு, நம் கணக்கைத் தனியே பக்கத்தில் குறிப்பதே சரியான முறை.

ஆறாம் படி: ஆண்டுகளை மாற்றுதல்

பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் கொல்லம் ஆண்டு இட்ட கற்கள் அடிக்கடி எதிர்ப்படும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது மலையாளச் சிங்ஙத்தில் பிறப்பதால், ஆங்கில ஆண்டைப் பெற, ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையுள்ள நாளுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள நாளுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். கணக்கு சரிதானா என்று பார்க்க, நம் பாட்டன்மார் வாயில் வழங்கிய தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளமே போதும்: கொல்லம் 1099 கர்க்கடகத்தோடு, அதாவது ஆடியோடு, 825-ஐக் கூட்டினால் 1924 ஜூலை, மூணாற்றையும் அதன் ரயில் பாதையையும் வெள்ளம் வாரிக்கொண்டு போனது அப்போதுதான். டி லனாய் இறந்த நாள் இதே கணக்கில் 952 வைகாசியில் விழும்.

ரோமன் எண்களில் ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. பெரிய எண்ணுக்கு முன்னால் சிறியது நின்றால் கழிக்க வேண்டும், பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். 1752-க்கு முந்தைய ஆங்கிலேயக் கல்லில் ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள தேதி வந்தால் எச்சரிக்கை தேவை. அன்று அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், நம் கணக்கில் ஓர் ஆண்டு கூடும்.

ஏழாம் படி: குறிப்பெடுத்தலும் படமெடுத்தலும்

உள்ளே நுழைந்ததும் கல் கல்லாக ஓடாமல், வாயிலிலிருந்து வரிசைப்படி எண்ணிட்டு ஒரு தோராய வரைபடம் வரைய வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படம் போதும்: சுற்றியுள்ள கற்களோடு சேர்த்து ஒன்று, கல் முழுவதும் தெரிய நேர் எதிரே நின்று ஒன்று, எழுத்து மட்டும் பக்க ஒளியில் ஒன்று. குறிப்பேட்டில் எழுத்துப்பிழை உட்பட கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். ஒரு வரி முடிந்தால் சாய்கோடு, ஐயமான எழுத்துக்குச் சதுர அடைப்பு, அழிந்த எழுத்துக்குப் புள்ளி என்று ஒரே முறையைக் கடைசிவரை கடைப்பிடிக்க வேண்டும். கல் கருங்கல்லா பளிங்கா, நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா, வேர் பிளக்கிறதா என்பதையும் சேர்க்க வேண்டும். அண்மைக் காலத்தில் இறந்தவர்களின் கல்லறைகளைப் படமெடுத்துப் பொதுவில் போடுவது, அந்தக் குடும்பத்தாரின் துக்கத்தில் கை வைப்பதாகும். அதைச் செய்யக் கூடாது.

எட்டாம் படி: கல் இல்லாதவர்களைத் தேடுதல்

மூணாறு மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள், ஆள் சேர்த்து மேய்த்த கங்காணிமார் பின்னால் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து மலையேறிய தமிழர்கள். துரையின் மனைவிக்கு 1894-இல் வந்த காலரா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை விட்டுவைத்திருக்காது. ஆனால் அந்தச் சாவுகளை ஆலயத்துச் சரிவில் காண முடியாது. ஒவ்வோர் எஸ்டேட்டுக்கும் ஒதுக்குப்புறமாக ஓர் இடுகாடு உண்டு; மண்மேடுகள் நாலைந்து மழையில் கரைந்துவிடும். அந்த நிலத்தை அடையாளம் காட்டக்கூடியவர்கள் லயத்து முதியவர்கள் மட்டுமே. அவர்களிடம் நேரடியாகச் சாவைப் பற்றித் தொடங்காமல், எந்த ஊரிலிருந்து யார் காலத்தில் மலைக்கு வந்தார்கள், முதலில் எந்த டிவிஷனில் வேலை, கங்காணி யார் என்று விசாரித்து, பேச்சு தானாக வரும்போது, "முன்னெல்லாம் இந்த லயத்துல யாராவது தவறிட்டா எங்க கொண்டுபோய் அடக்குவாங்க, பாட்டி?" என்று கேட்கலாம். சொல்ல விருப்பமில்லாவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். சொன்னால், அவர் காட்டும் மரம், ஓடை, பாறை ஆகியவற்றை அவர் சொல்லும் பெயராலேயே எழுதி, கைப்பேசியில் இடக்குறியையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். எஸ்டேட் நிலத்துக்குள் நடக்கத் தோட்ட அலுவலகத்தின் அனுமதி கட்டாயம்.

அண்மைக் காலத்து அடக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். 66 பேரின் உடல்கள் கிடைத்தன, 4 பேர் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்; கயத்தாறு பக்கம் உறவுள்ளவர்கள் பலர். மீட்ட உடல்களை ராஜமலையில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் உறவினர் மலையேறி வந்து அங்கே நிற்கிறார்கள். அது சுற்றுலா இடமன்று. அந்த வழியாகப் போக நேர்ந்தால், கேமரா இல்லாமல், கை கூப்பிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: பதிவை ஒப்படைத்தல்

வீடு திரும்பிய வாரத்துக்குள், நினைவு பசுமையாக இருக்கும்போதே, குறிப்பையும் படத்தையும் ஒப்பிட்டுத் தட்டச்சு செய்துவிட வேண்டும். ஒரு நகலை அச்சிட்டு ஆலய அலுவலகத்துக்கோ, கோட்டையின் பொறுப்பாளருக்கோ நேரில் கொடுப்பது நாம் பெற்ற அனுமதிக்குச் செய்யும் கைம்மாறு. லயத்து முதியவர் சொன்னதை எழுதியிருந்தால், அதை முதலில் அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சம்மதித்த பகுதியை மட்டும் வெளியிட வேண்டும். பழைய ஐரோப்பியக் கல்லறைகள் பற்றிய பதிவுகளை, தெற்காசியக் கல்லறைகளுக்காக 1970-களில் பிரிட்டனில் தொடங்கிய சங்கமும் பெற்றுப் பாதுகாக்கிறது. நகலில் தேதியும், எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல் என்று காட்டும் வரைபடமும் கட்டாயம் இருக்கட்டும். அவை இருந்தால், மரம் விழுந்தோ மண் சரிந்தோ கற்கள் இடம் மாறினாலும், ஒவ்வொன்றையும் அதற்குரியவரின் தலைமாட்டிலேயே திரும்ப நிறுத்த முடியும்.